இரட்டையர் கணக்கில் முடுக்கத்துக்கு என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த இரட்டையர் புதிர் கட்டுரையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். காலமும் தூரமும் பார்ப்பவரின் வேகத்தைப் பொறுத்து மாறும் என்கிற ஐன்ஸ்டீனின் சார்பியலுக்கு ஒரு தமிழ் நாளிதழ் அரைப் பக்கம் ஒதுக்குவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை, அதற்கு நன்றி சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். ஆனால் அந்த அரைப் பக்கத்தில் எந்த வரி சரியாக இருந்தே ஆகவேண்டுமோ அந்த வரிதான் தப்பாக இருக்கிறது. இரட்டையரில் ஒருவர் பூமியிலேயே இருக்க, ராக்கெட்டில் போகிறவர் முடுக்கத்துக்கு (வேகமோ திசையோ மாறுவதற்கு) ஆளாகிறார், முடுக்கம் காலத்தை மெதுவாக்குகிறது, அதனால் அவர் இளமையாகத் திரும்புகிறார் என்கிறது கட்டுரை. கீழே மாணவர்களுக்கான வினாடி வினாவிலும் அதே விடை. என்னிடம் டியூஷன் வருகிற பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புதிர் எது என்பதையே கட்டுரை நழுவவிட்டுவிட்டது. ஒருவர் இளமையாகவும் இன்னொருவர் வயதானவராகவும் இருப்பது புதிர் இல்லை, அது விசித்திரம், அவ்வளவுதான். 1905-இல் ஐன்ஸ்டீன் எழுதிய கட்டுரையிலேயே அது இருக்கிறது, ஆளை வைத்து அல்ல, கடிகாரத்தை வைத்து: ஓர் இடத்திலிருந்து கிளம்பி வளைந்து சுற்றி அதே இடத்துக்குத் திரும்பி வந்த கடிகாரம், அங்கேயே இருந்த கடிகாரத்தைவிடப் பின்தங்கியிருக்கும் என்று. 1911-இல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் நடந்த தத்துவ மாநாட்டில் பிரெஞ்சு இயற்பியலாளர் போல் லாஞ்ஜெவின் கடிகாரத்தை எடுத்துவிட்டு ஒரு பயணியை உட்கார வைத்தார், பயணிக்கு 2 ஆண்டு கழிவதற்குள் பூமியில் 200 ஆண்டு ஓடிவிடும் என்று கணக்குக் காட்டினார். இரட்டைப் பிள்ளைகள் எல்லாம் அப்புறம் வந்து சேர்ந்தவர்கள்.

புதிர் வேறு இடத்தில் இருக்கிறது. அமுதா, குமுதா என்று இரட்டைச் சகோதரிகள், வயது 20. அமுதா ராக்கெட்டில் ஒளியின் வேகத்தில் 80 சதவீத வேகத்தில் ஒரு நட்சத்திரத்துக்குப் போய்த் திரும்புகிறாள். சிரியஸ் நட்சத்திரம் சுமார் 8.6 ஒளியாண்டு தூரம் (ஒளியாண்டு என்பது ஒளி ஓர் ஆண்டில் போகிற தூரம்), நாம் கணக்கு எளிதாக வர 8 ஒளியாண்டு என்றே வைத்துக்கொள்வோம். போக 10 ஆண்டு, வர 10 ஆண்டு, குமுதாவுக்கு 40 வயது ஆகிவிடும். ஓடுகிற கடிகாரம் எவ்வளவு மெதுவாகும் என்பதற்குச் சார்பியல் சொல்கிற கணக்கு இது: 0.8-ஐ வர்க்கப்படுத்தினால் 0.64, ஒன்றிலிருந்து கழித்தால் 0.36, அதன் வர்க்கமூலம் 0.6. ஆக அமுதாவின் கடிகாரத்தில் 20 ஆண்டுக்குப் பதில் 12 ஆண்டுதான், அவளுக்கு 32 வயது. சரி. ஆனால் வேகம் என்பது ஒப்பிட்டுச் சொல்வதுதானே? அமுதாவின் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், பூமியும் குமுதாவும்தான் 80 சதவீத வேகத்தில் ஓடுகிறார்கள். அப்படியானால் குமுதாவின் கடிகாரம்தானே மெதுவாக ஓடவேண்டும், குமுதாதானே இளமையாக இருக்கவேண்டும்? இருவரும் மறுபடி சந்தித்து ஒரே அறையில் நிற்கும்போது இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாதே. இந்தச் சமச்சீர்தான் புதிர். உங்கள் கட்டுரை இதை எழுப்பவே இல்லை, எழுப்பாத கேள்விக்குத்தான் முடுக்கம் என்று விடை சொல்லியிருக்கிறது.

இதற்கு ஒரு நேர்மையான வழி இருக்கிறது, பிளஸ் டூ பிள்ளைகள் போடக்கூடிய கணக்கு. இரண்டு பேரும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ரேடியோவில் மற்றவளுக்கு ஒரு வாழ்த்து அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். யார் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்ற சண்டையே வேண்டாம், கைக்கு வந்து சேருகிற வாழ்த்துகளை எண்ணினால் போதும். இருவரும் 80 சதவீத வேகத்தில் விலகிக்கொண்டிருக்கும்போது வாழ்த்துகள் 3 ஆண்டுக்கு ஒன்று வீதம் வரும், நெருங்கிக்கொண்டிருக்கும்போது ஆண்டுக்கு 3 வீதம் வரும். டாப்ளர் விளைவில் (அனுப்புகிறவர் விலகினால் சேதி அரிதாகவும் நெருங்கினால் அடிக்கடியும் வருவது) காலநீட்டிப்பையும் (ஓடுகிற கடிகாரம் மெதுவாவது) சேர்த்தால் வருகிற எண் அது, இருவருக்கும் ஒரே எண்தான், இதில் எந்தப் பாரபட்சமும் இல்லை.

இப்போது எண்ணுங்கள். அமுதா போகும்போது அவள் கணக்கில் 6 ஆண்டு, 3 ஆண்டுக்கு ஒன்று வீதம் 2 வாழ்த்து வரும். நட்சத்திரத்தை அடைந்து திரும்பிய அந்த நொடியிலிருந்தே வாழ்த்துகள் மளமளவென்று வர ஆரம்பித்துவிடும், வருகிற 6 ஆண்டுக்கு ஆண்டுக்கு 3 வீதம் 18. மொத்தம் 20. அதாவது அமுதா ஊர் வந்து சேரும்போது குமுதாவின் 20 பிறந்தநாள்களையும் ஒன்று விடாமல் எண்ணிவிட்டாள்.

குமுதா பக்கம் வருவோம். அமுதா நட்சத்திரத்தை அடைவது குமுதாவின் கணக்கில் 10ஆம் ஆண்டு. ஆனால் அங்கிருந்து கிளம்பிய ரேடியோ அலை 8 ஒளியாண்டைக் கடந்து வர இன்னும் 8 ஆண்டு ஆகும். ஆக 18 ஆண்டுவரைக்கும் குமுதாவுக்கு அமுதா விலகிப் போய்க்கொண்டிருப்பதாகவே சேதி, 3 ஆண்டுக்கு ஒன்று வீதம் 6 வாழ்த்து. மீதி 2 ஆண்டில்தான் ஆண்டுக்கு 3 வீதம் 6. மொத்தம் 12. அமுதாவுக்கு நடந்தது 12 பிறந்தநாள், குமுதா கையில் இருப்பதும் 12.

இதில் எங்கே சமச்சீர் உடைந்தது என்று பாருங்கள். அமுதாவுக்குப் பயணத்தில் பாதி மந்தம், பாதி வேகம், ஏனென்றால் திரும்பியது அவள், திரும்பியது அவளுக்கு உடனே தெரியும். குமுதாவுக்கு 18 ஆண்டு மந்தம், 2 ஆண்டு வேகம், ஏனென்றால் அவள் ஒன்றும் செய்யவில்லை, தகவல் வந்து சேரும்வரை காத்திருந்தாள். இந்தக் கணக்கில் முடுக்கம் எத்தனை, ராக்கெட் எத்தனை நாள் பிரேக் போட்டது என்ற எண் எங்கேயாவது வந்ததா? வரவில்லை.

வராததற்குக் காரணம் இருக்கிறது. அதே ராக்கெட், அதே வேகம், அதே திருப்பம், ஆனால் நட்சத்திரம் மட்டும் 16 ஒளியாண்டு தூரம் என்று வைத்துப் பாருங்கள். குமுதாவுக்கு 40 ஆண்டு, அமுதாவுக்கு 24. வித்தியாசம் 8-லிருந்து 16 ஆகிவிட்டது. முடுக்கம் துளிகூட மாறவில்லை! முடுக்கம்தான் அமுதாவின் காலத்தைத் தின்றது என்றால் வித்தியாசம் இரண்டு தடவையும் ஒன்றாக அல்லவா இருக்கவேண்டும்.

இன்னும் ஒரு படி போகலாம். அமுதா திரும்பவே வேண்டாம், அவள் பாட்டுக்கு நேராகப் போகட்டும். எதிர்த்திசையிலிருந்து, பிறந்ததிலிருந்தே இன்ஜினைத் தொடாத பொன்னி என்று ஒருத்தி, பூமியை நோக்கி அதே 80 சதவீத வேகத்தில் வந்துகொண்டிருக்கிறாள். நட்சத்திரத்தருகே இருவரும் உரசினாற்போல் கடக்கும்போது பொன்னி தன் கடிகாரத்தை அமுதாவின் கடிகாரத்துக்கு ஒப்ப 6 ஆண்டு என்று வைத்துக்கொள்கிறாள். அவள் குமுதாவைக் கடக்கும்போது அந்தக் கடிகாரம் 12 காட்டும், குமுதாவின் கடிகாரம் 20 காட்டும். மூன்று பேரில் யாருக்கும் முடுக்கமே இல்லை, ஆனாலும் விடை அதே விடை.

முடுக்கத்துக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரே ஆள் போய்த் திரும்பி வந்து நிற்கவேண்டுமென்றால் யாராவது ஒருவர் வண்டியைத் திருப்பித்தான் ஆகவேண்டும், திருப்பியவர் யார் என்று அடையாளம் காட்டுவது முடுக்கம். திருப்பும்போது அமுதா இருக்கையில் அழுந்துவாள், குமுதாவின் டம்ளரில் இருக்கிற தண்ணீர்கூட அசையாது, அதனால்தான் இருவர் நிலையும் ஒன்றல்ல என்று அடித்துச் சொல்ல முடிகிறது. அடையாளம் காட்டுவது ஒன்று, காரணமாக இருப்பது வேறொன்று.

சென்னையிலிருந்து திருச்சிக்கு இரண்டு கார் கிளம்புகிறது, ஒன்று விழுப்புரம், பெரம்பலூர் வழியாக, இன்னொன்று புதுச்சேரி, சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டு. திருச்சியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இரண்டிலும் ஓடிய கிலோமீட்டர் வேறு. தஞ்சாவூரில் ஸ்டியரிங்கைத் திருப்பியதால்தான் கிலோமீட்டர் கூடிப்போச்சு என்று யாராவது சொல்வார்களா? பாதை வேறு, அதனால் நீளம் வேறு, முடிந்தது. 1908-இல் கொலோன் நகரில் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி சொன்னதன் சாரம் இதுதான். இடத்தையும் காலத்தையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள், இரண்டும் சேர்ந்த வெளி ஒன்று இருக்கிறது, அதில் ஒவ்வொருவர் பாதைக்கும் ஒரு நீளம் உண்டு, கையில் கட்டிய கடிகாரம் அளப்பது அந்த நீளத்தை. ஒரே ஒரு வேறுபாடு, அந்த வெளியில் நீளத்தைக் கணக்கிடும்போது இடத்தின் வர்க்கத்தைக் கூட்டுவதில்லை, கழிக்கிறோம். அதனால் நேரான பாதைக்குத்தான் அதிகக் காலம், வளைத்துப் போனால் குறைவு. குமுதா நேர்ப்பாதை, அமுதா மடங்கிய பாதை.

இதைப் படித்தவர்களில் கொஞ்சம் விவரமானவர் ஒரு கேள்வி கேட்பார், அதையும் சொல்லிவிடுகிறேன். அமுதா போகும்போது தன் 6 ஆண்டில் குமுதாவுக்கு 3.6 ஆண்டுதான் ஆனதாகக் கணக்கிடுவாள், வரும்போதும் 3.6, கூட்டினால் 7.2. குமுதாவுக்கோ 20. மீதி 12.8 ஆண்டு எங்கே? ‘இப்போது பூமியில் என்ன தேதி’ என்ற கேள்விக்கு அமுதா போகும்போது வைத்திருந்த விடையும், திரும்பிய பிறகு வைத்திருக்கிற விடையும் வேறு வேறு என்பதில் இருக்கிறது. தொலைவில் நடப்பவற்றில் எதெது ஒரே நேரம் என்பது வேகத்தைப் பொறுத்தது, அவள் திசையை மாற்றியதும் அவளுடைய ‘இப்போது’ 12.8 ஆண்டு தள்ளிப் போய்விடுகிறது. அந்த நொடியில் குமுதாவுக்கு மளமளவென்று நரை விழுந்துவிடவில்லை, குமுதாவுக்கு எதுவுமே நடக்கவில்லை, மாறியது அமுதாவின் கணக்குப் புத்தகம் மட்டும். முடுக்கம்தான் எல்லாம் செய்கிறது என்ற எண்ணம் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன்.

இதில் குழம்புவது ஒன்றும் கேவலம் இல்லை. இங்கிலாந்தில் ஹெர்பர்ட் டிங்கிள் என்று ஒரு பேராசிரியர், ராயல் வானியல் கழகத்தின் தலைவராக 1951 முதல் 1953 வரை இருந்தவர், 1922-இலேயே சார்பியலை எளிமையாக விளக்கிப் புத்தகம் எழுதியவர். அவரே பின்னால் இரட்டையருக்குள் வயது வித்தியாசம் வர வாய்ப்பே இல்லை என்று ஆரம்பித்து, அப்புறம் சார்பியல் தனக்குத்தானே முரண்படுகிறது என்ற இடத்துக்கே போய்விட்டார். ‘நேச்சர்’ இதழில் அவருக்கும் வில்லியம் மக்ரியாவுக்கும் நடந்த வாதம் பிரபலம். மக்ரியா பொறுமையாகப் பதில் சொன்னார், டிங்கிள் கடைசிவரை ஒப்பவில்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் பரிவு உண்டு, ஆனால் கணக்கு அவர் பக்கம் இல்லை.

கணக்கு மட்டும் இல்லை, அளவீடும். உங்கள் கட்டுரை, ‘இது இன்றுவரை ஒரு கற்பனைச் சோதனை மட்டுமே’ என்று முடிகிறது. முடுக்கம் பற்றிய வரியைவிட இதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

நம் தலைக்கு மேலே சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் விண்வெளியிலிருந்து வருகிற காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. சும்மா நிற்கிற மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோநொடி, அதாவது நொடியில் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. அதற்குள் ஒளியே 660 மீட்டர்தான் போகும். ஆனால் மியூவான்கள் தரைக்கு வந்து சேருகின்றன, கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம், நீங்கள் இதைப் படிக்கும்போதே உங்கள் உள்ளங்கை வழியாகப் போய்க்கொண்டிருக்கின்றன. வேகத்தால் அவற்றின் காலம் நீளாவிட்டால் இது நடக்காது. இப்படி நீளும், அதை அளந்தால் ஐன்ஸ்டீனை நேரடியாகச் சோதிக்கலாம் என்று 1938-இலேயே ‘நேச்சர்’ இதழில் குறிப்பு எழுதியவர் யார் தெரியுமா, அப்போது கேம்பிரிட்ஜில் இருந்த நம் ஹோமி பாபா. அவர் பிற்பாடு தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் ஊட்டியில் இருக்கிறது, கிரேப்ஸ்-3 என்று பெயர், 560 சதுர மீட்டர் பரப்பில் மியூவான் பிடிக்கிற கருவி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை விட்டுவிட்டு கற்பனைச் சோதனை என்று எழுத எப்படி மனசு வந்தது?

பாபா சொன்னதை அளந்தும் பார்த்தாகிவிட்டது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃபிரிஷ், ஸ்மித் என்ற இருவர் மவுண்ட் வாஷிங்டன் மலையில் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் மணிக்கு 560 மியூவான் போல எண்ணினார்கள், பிறகு கீழே கடல் மட்டத்தில் எண்ணினார்கள். காலம் நீளாது என்றால் அந்த உயரம் இறங்குவதற்குள் முக்கால்வாசிக்கு மேல் அழிந்து 30-க்குள்தான் மிஞ்சியிருக்கவேண்டும். கிடைத்தது 400-க்கும் மேலே.

மியூவான் ஒருவழிப் பயணம்தானே, அமுதா மாதிரி திரும்பி வரவில்லையே என்று கேட்டால், அதற்கும் இருக்கிறது. 1970-களில் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் 14 மீட்டர் விட்டமுள்ள வளையத்தில் மியூவான்களைச் சுற்றவிட்டார்கள். ஒவ்வொரு சுற்றும் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிற பயணம், அமுதா போனது போலவே. வேகம் ஒளியின் வேகத்தில் 99.94 சதவீதம், அந்த வேகத்தில் ஆயுள் 29.3 மடங்கு நீளும் என்கிறது சார்பியல், அளந்த ஆயுள் சுமார் 64.4 மைக்ரோநொடி. 2.2-ஐ 29.3-ஆல் பெருக்கிப் பாருங்கள். இப்போது முடுக்கத்துக்கு வருகிறேன். அவ்வளவு சின்ன வட்டத்தில் அவ்வளவு வேகத்தில் திரும்பும்போது அந்த மியூவான்கள் உணர்ந்த முடுக்கம் பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தைப்போல் பத்தாயிரம் கோடி கோடி மடங்கு. அவ்வளவு முடுக்கமும் ஆயுளில் தனியாக ஒரு துளி மாற்றத்தைக்கூடக் காட்டவில்லை, வேகத்தை மட்டும் போட்டுச் செய்த கணக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்துக்குப் பொருந்தியது. வினாடி வினா விடைக்கு எதிரான சாட்சி இதைவிட வேறென்ன வேண்டும்.

கடிகாரத்தை வைத்தே பார்க்கவேண்டும் என்பவர்களுக்கு 1971 அக்டோபர். ஹாஃபெல், கீட்டிங் என்ற இரண்டு அமெரிக்கர்கள் நான்கு சீசியம் அணுக்கடிகாரங்களைச் சாதாரணப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகத்தைச் சுற்றி வந்தார்கள், ஒரு தடவை கிழக்கே, ஒரு தடவை மேற்கே. (கடிகாரத்துக்கும் சீட் எடுத்தார்கள்.) வாஷிங்டனில் இருந்த கடிகாரங்களோடு ஒப்பிட்டால் கிழக்கே போனவை சுமார் 59 நானோநொடி (ஒரு நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) பின்தங்கியிருந்தன, மேற்கே போனவை சுமார் 273 நானோநொடி முந்தியிருந்தன. சார்பியல் கணித்தது 40 பின்தங்கலும் 275 முந்தலும். கிழக்கு எண்ணில் இடைவெளி தெரிகிறது, ஆனால் கணிப்பிலேயே 23 நானோநொடி கூடக்குறைய இருக்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். மேற்கே போனது ஏன் முந்தியது என்றால், வாஷிங்டன் கடிகாரமும் சும்மா நிற்கவில்லை, பூமியோடு சேர்ந்து கிழக்கே சுழல்கிறது, மேற்கே பறக்கிற விமானம் அந்தச் சுழற்சிக்கு எதிராகப் போவதால் பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் தரையைவிட மெதுவாகப் போகிறது. அதோடு உயரத்தில் ஈர்ப்பு குறைவு, அதனாலும் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடும். 2010-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் நொடிக்கு 10 மீட்டருக்கும் குறைவான வேகத்திலேயே, அதாவது ஒருவர் சைக்கிளை நன்றாக மிதித்தால் வருகிற வேகத்தில், காலநீட்டிப்பை அளந்துவிட்டார்கள்.

நிஜ இரட்டையரே இருக்கிறார்கள். ஸ்காட் கெல்லி, மார்க் கெல்லி, இருவருமே நாசா விண்வெளி வீரர்கள். 2015 மார்ச்சிலிருந்து 2016 மார்ச் வரை ஸ்காட் 340 நாள் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தார், மார்க் தரையில். நிலையத்தின் வேகம் நொடிக்கு 7.66 கிலோமீட்டர். நான் போட்டுப் பார்த்த கணக்கில் அந்தப் பயணத்தில் ஸ்காட்டுக்குச் சுமார் 8 மில்லிநொடி குறைவாகக் கழிந்திருக்கிறது. மார்க் ஏற்கெனவே 6 நிமிடம் மூத்தவர், அண்ணன் பதவி இன்னும் கொஞ்சம் உறுதியாகிவிட்டது.

இங்கே கட்டுரையின் இன்னொரு வரியையும் திருத்தவேண்டும், ‘விண்வெளியில் காலம் மெதுவாகச் செல்லும்’ என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருக்கிறீர்கள். கெல்லி இருந்த 400 கிலோமீட்டர் உயரத்தில் சரி. ஆனால் மேலே போகப் போக வேகத்தின் விளைவு குறையும், ஈர்ப்புக் குறைவின் விளைவு கூடும், சுமார் 3,200 கிலோமீட்டர் உயரத்து வட்டப்பாதையில் இரண்டும் சரிசமம், அதற்கு மேலே கடிகாரம் பூமியைவிட வேகமாக ஓடும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டரில் இருக்கின்றன, வேகத்தால் நாளுக்கு 7 மைக்ரோநொடி இழப்பு, ஈர்ப்பால் 45 மைக்ரோநொடி வரவு, நிகரம் 38 மைக்ரோநொடி முந்துகிறது. அந்த 38 மைக்ரோநொடியில் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும், அதனால் ஏவுவதற்கு முன்பே கடிகாரத்தின் துடிப்பைக் கொஞ்சம் குறைத்து வைத்துத்தான் அனுப்புகிறார்கள். உங்கள் பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டு வருகிற பையனின் போனில் இருக்கிற மேப் வரைக்கும் இது ஓடுகிறது, கற்பனை என்கிறீர்கள்.

தலைப்பில் ‘என்றும் இளமை’ என்று போட்டது விற்பனைக்காக என்று புரிகிறது, ஆனாலும் அமுதாவுக்கு ஆயுள் ஒரு நாள்கூடக் கூடவில்லை. அவள் 12 ஆண்டுச் சாப்பாடு சாப்பிட்டாள், 12 ஆண்டுத் தூக்கம் தூங்கினாள், நாடி வழக்கம்போல நிமிடத்துக்கு 72 அடித்தது, எதுவும் மெதுவாக நடப்பதாக அவளுக்குத் தோன்றாது. அவளைப் பொறுத்தவரை தூரம்தான் சுருங்கியது, 8 ஒளியாண்டு 4.8 ஆகிவிட்டது, 80 சதவீத வேகத்தில் அதைக் கடக்க 6 ஆண்டு, கணக்கு நேராகிவிட்டது. அதோடு அந்த வேகம் சும்மா கிடைக்காது. ஒரே ஒரு கிலோ எடையை ஒளியின் 80 சதவீத வேகத்துக்குக் கொண்டுபோக மட்டும் சுமார் 1,670 கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வேண்டும், நிறுத்துவதற்கும் திரும்புவதற்கும் தனி. மனிதன் செய்ததிலேயே அதிக வேகத்தில் போன பார்க்கர் சூரிய விண்கலம் நொடிக்கு சுமார் 192 கிலோமீட்டர், ஒளியின் வேகத்தில் 0.064 சதவீதம். அதே வேகத்தில் ஓர் ஆண்டு முழுக்க ஓடினாலும் வேகத்தால் மிச்சமாவது ஆறரை நொடி.

கடைசியாக, கட்டுரையோடு நீங்கள் போட்டிருந்த அந்தப் பெட்டிச் செய்தி. ககுத்மி மன்னன் மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போய், பாட்டு முடியும்வரை காத்திருந்து, திரும்பி வருவதற்குள் பூமியில் 27 சதுர்யுகம் கழிந்துபோன கதை. எனக்கும் மிகப் பிடித்த கதை, பாகவதத்தில் வருவது. ஓரிடத்தில் கொஞ்ச நேரம், இன்னோரிடத்தில் யுகங்கள் என்று யோசித்தவர்களின் கற்பனையை மெச்சத்தான் வேண்டும். ஆனால் ‘ஐன்ஸ்டீனுக்கு முன்பே நம் முன்னோர் கண்ட சார்பியல்’ என்று மேலே தலைப்புக் கொடுத்தால் ஒரு பையன் கேட்பான், ககுத்மி எவ்வளவு வேகத்தில் போனார் என்று. கதையில் வேகமே கிடையாது, அவர் அங்கே உட்கார்ந்து பாட்டுக் கேட்டார். வேகத்துக்கும் காலத்துக்கும் என்ன உறவு என்று சொல்கிற சமன்பாடு சார்பியல், அதைச் சொல்லாத கதையை அதோடு ஒட்டவைத்தால் கதைக்கும் மரியாதை இல்லை, அறிவியலுக்கும் இல்லை. ஆன்மிகப் பக்கத்தில் தனியாகப் போடுங்கள், நானே முதல் ஆளாகப் படிப்பேன்.

என் கோரிக்கை சின்னதுதான். வினாடி வினாவின் விடைகளுக்குப் பரிசு உண்டு என்று போட்டிருக்கிறீர்கள், கடைசித் தேதி இன்னும் முடியவில்லை. இரட்டையர் கேள்விக்கு ‘முடுக்கம்’ என்று எழுதாமல் ‘இருவரும் போன பாதை வேறு’ என்றோ ‘திரும்பியது ஒருவர் மட்டும்’ என்றோ எழுதி அனுப்புகிற பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணைக் கழித்துவிடாதீர்கள், திருத்துகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வருகிற ஞாயிறு இடமிருந்தால் அந்தப் பிறந்தநாள் வாழ்த்துக் கணக்கை ஒரு படமாக வரைந்து போடுங்கள், இரண்டு கோடும் சில சாய்வுக் கோடுகளும் போதும், கட்டுரையே வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் டியூஷன் வாத்தியார்,
திண்டுக்கல்